பேசாதே என்கிறார் டாக்டர், ரகசியக் குரலில் பேசலாமா?

மல்லேஸ்வரம் டீச்சர்:
வணக்கம். பெங்களூரில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், மாலையில் வீட்டில் எட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டு. ஒன்றரை மாதமாகக் குரல் கம்மல். ஐந்தரைக் கட்டையில் பாடிக்கொண்டிருந்தேன், இப்போது மேல் ஸட்ஜத்துக்குப் போனால் காற்றுதான் வருகிறது. ஈஎன்டி டாக்டர் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு குரல் நாணிலும் சின்னதாக முடிச்சு இருக்கிறது, ஒரு வாரம் பேசாதீர்கள் என்றார். வீட்டில் நாலு வயதுப் பையன், எழுதிக் காட்டினால் படிக்கத் தெரியாது. ரகசியம் பேசுவதுபோல் பேசினால் பரவாயில்லையா? ஒரு வாரத்தில் முடிச்சு கரைந்துவிடுமா?

ஹலசூர் பாட்டுக்காரர்:
ரகசியக் குரல் வேண்டாம் அம்மா. பலருக்கு அப்படிப் பேசும்போது குரல்வளை இன்னும் இறுகுகிறது. பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இயல்பான குரலிலேயே தணிவாக இரண்டு வார்த்தை சொல்வது மேல். ஆனால் டாக்டர் சொன்னது முழு மௌனமா, குறைத்துப் பேசுவதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். நாணில் ரத்தம் கசிந்திருந்தால் அந்த இரண்டு வார்த்தையும் கூடாது. அப்புறம், தொண்டையைச் செருமாதீர்கள். செருமினால் நாண்கள் ஒன்றோடொன்று மோதி உரசும், சளி மறுபடி சேரும், மறுபடி செருமத் தோன்றும். அந்த நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள்.

குரல் பயிற்சியாளர்:
நான் பேச்சு, குரல் சிகிச்சை செய்பவள். ஓய்வில் வீக்கம் வடியும், ஆனால் முடிச்சை உண்டாக்கிய பழக்கம் அப்படியே இருந்தால் பள்ளி திறந்ததும் பழைய கதைதான். பெண்குரலில் நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 முறை மோதிப் பிரிகின்றன. ஒரு வகுப்பில் 20 நிமிடம் பேசினாலே இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும், அதுவும் பிள்ளைகளை அடக்கக் கத்தும்போது அடி இன்னும் பலமாக விழும். இடுப்பில் மாட்டும் சின்ன மைக்செட் வாங்குங்கள், தயவுசெய்து வெட்கப்படாதீர்கள். குடிக்கிற தண்ணீர் உணவுக்குழாயில் போகிறது, நாணைத் தொடுவதில்லை, அதனால் தொண்டை வறண்ட பிறகு மடமடவென்று குடிப்பதைவிடக் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வெறும் வெந்நீர் ஆவி பிடிக்கலாம், தைலம் வேண்டாம்.

முடிச்சுக்குப் பெரும்பாலும் கத்திக்கு முன்னால் பயிற்சிதான். ஸ்ட்ராவைத் தண்ணீரில் வைத்து 'ஊ' என்று குமிழி விடுவது அதில் ஒன்று, ஆனால் யாராவது நேரில் பார்த்துச் சொல்லிக் கொடுத்த பிறகு செய்யுங்கள். பக்கத்து ஊர்தானே, மைசூரில் 1965 முதல் இருக்கும் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் குரலுக்கென்றே சிகிச்சை உண்டு. சரளி வரிசையைக்கூட அவர்கள் சரி என்ற பிறகு, கீழ்ச் சுருதியில் தொடங்குங்கள்.

மல்லேஸ்வரம் டீச்சர்:
இருவருக்கும் நன்றி. கணவரை விட்டு டாக்டரிடம் போனில் கேட்கச் சொன்னேன், ரத்தக்கசிவு இல்லையாம், அவசியமானதை மட்டும் பேசலாம் என்றார். ஆனாலும் பையனிடம் ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன், ஒருமுறை கைதட்டினால் சாப்பாடு, இரண்டு முறை தட்டினால் குளியல். சாப்பாட்டுக்கு மட்டும் உடனே ஓடி வருகிறான்.