ஃப்ளூரசின் சாயம் கருவிழிக்குள் போவதில்லை, அட்ரோபின் மட்டும் எப்படிப் போகிறது?

கால்நடை மாணவி:
கண் சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெறுகிறேன். ஒரு நாய்க்குக் கண்ணின் உட்புறத்தில் அழற்சி. கருவிழியில் (கண்ணின் முன்புறத் தெளிவான படலம்) புண் இருக்கிறதா என்று பார்க்க ஃப்ளூரசின் விட்டுக் கழுவினோம். சாயம் எங்கும் ஒட்டவில்லை. பிறகு அதே கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டோம். சிறிது நேரத்தில் கண்ணின் பாப்பா (ஒளி உள்ளே புகும் துளை) விரிந்துவிட்டது. இரண்டுமே நீரில் கரைந்த மருந்துகள், மூலக்கூறின் அளவிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்று வெளியிலேயே நிற்க, மற்றொன்று எப்படி உள்ளே சென்றது?

இன்னொரு நாய்க்குக் கருவிழியில் ஆழமான புண். அதன் சுவர்கள் பச்சையாக ஒளிர்ந்தன; அடிப்பகுதியின் நடுவில் மட்டும் சாயமே ஏறவில்லை. அதைப் பார்த்ததும் ஆசிரியர் உடனே அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். சாயம் ஏறாவிட்டால் அந்த இடம் ஆறிவிட்டது என்றல்லவா பொருள்?

கடைசியாக ஒன்று. நூல்களில் மருந்து ஊடுருவும் வேகம் பற்றிய எண்கள் பெரும்பாலும் முயலுக்கே தரப்பட்டுள்ளன. அவற்றை நாய்க்கும் பொருத்தலாமா?

விலங்குக் கண் மருத்துவர்:
இந்த இரண்டு நாய்களையும் சேர்த்து யோசித்தீர்கள் பாருங்கள், அதற்காகவே விரிவாக எழுதுகிறேன். கருவிழியின் அமைப்பை அடுக்குகளின் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். எந்த அடுக்கு எதைத் தடுக்கிறது என்று கேட்டால்தான் அந்தப் பெயர்களுக்குப் பொருள் வரும்.

வெளியிலிருந்து தொடங்குவோம். கருவிழியின் வெளி அடுக்கான எபிதீலியத்தில் பல வரிசைச் செல்கள் இருந்தாலும் உண்மையான காவல் மேல் வரிசையிடம் இருக்கிறது. அங்கே பக்கத்துப் பக்கத்துச் செல்கள் இடைவெளியே இல்லாதபடி இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. செல்களுக்கு நடுவே புக வழி இல்லையென்றால் செல்சவ்வைக் கடந்துதான் போக வேண்டும். செல்சவ்வு கொழுப்பால் ஆனது. கண்ணீரின் காரஅமில நிலையில் ஃப்ளூரசின் எதிர்மின்னேற்றத்தோடு இருப்பதால் கொழுப்புக்குள் நுழையாது, கழுவினால் போய்விடும்.

அட்ரோபின் ஒரு வலுக்குறைந்த காரம். கண்ணீரில் அதன் பெரும்பகுதி மின்னேற்றத்தோடுதான் இருக்கிறது. மின்னேற்றம் இல்லாத வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அந்தச் சிறு பங்கு கொழுப்பில் கரைந்து உள்ளே போனதும், சமநிலையைச் சரிசெய்ய மீதமுள்ளதிலிருந்து இன்னும் கொஞ்சம் மின்னேற்றத்தை இழக்கிறது. அதுவும் உள்ளே போகிறது. இப்படித் தொடர்ந்து நடப்பதால்தான் பாப்பாவை விரிக்கப் போதுமான மருந்து சேர்கிறது.

எபிதீலியத்துக்கு அடியில் ஸ்ட்ரோமா. கருவிழித் தடிமனில் சுமார் 90 விழுக்காடு இதுதான். சீராக அடுக்கிய கொலாஜன் இழைகளும் ஏராளமான நீரும் நிறைந்த இடம் என்பதால் இங்கே விதி தலைகீழாகிறது: நீரில் கரைவது எளிதில் நகரும், கொழுப்பில் மட்டும் கரைவது தேங்கும். உள்ளே வந்த அட்ரோபின் இங்கே மறுபடி மின்னேற்றம் பெற்று நீரோடு நகர்ந்துவிடுகிறது. கடைசியில் உள்ள எண்டோதீலியம் ஒரே வரிசைச் செல்கள்தான். இடைவெளிகள் கசிவுள்ளவை, சிறிய மூலக்கூறுகளுக்கு அது பெரிய தடையாக இருப்பதில்லை.

பிரெட்னிசலோன் அசிடேட், பிரெட்னிசலோன் பாஸ்பேட் என்று ஒரே ஸ்டீராய்டுக்கு இரண்டு வடிவங்கள் இருப்பதற்கும் இதோடு தொடர்பு உண்டு. எபிதீலியம் முழுமையாக இருக்கும் கண்ணில், கொழுப்போடு இணங்கும் அசிடேட் வடிவம் நன்றாக ஊடுருவும். உங்கள் முதல் நாய்க்கு அது பொருந்தும்; புண் உள்ள இரண்டாவது நாயின் கண்ணில் எந்த ஸ்டீராய்டையும் விடக் கூடாது. ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி முழுமையான எபிதீலியத்தைக் கடக்கத் திணறும் மருந்து. புண் திறந்திருக்கும் இடத்தில் அதற்கும் வழி கிடைக்கிறது.

இப்போது அந்த ஆழமான புண். எபிதீலியம் போன இடத்தில் வெளிப்படும் ஸ்ட்ரோமா, நீர் நிறைந்ததாகையால் சாயத்தை வாங்கிக்கொள்ளும். சுவர்கள் பச்சையானது அதனால்தான். அடியில் சாயம் ஏறவில்லை என்றால் அங்கே ஸ்ட்ரோமாவே மிச்சமில்லை என்று பொருள். நீங்கள் பார்த்தது டெசிமெட் சவ்வு. எண்டோதீலியத்தின் அடித்தளச் சவ்வான அது சாயத்தைப் பிடித்துவைப்பதில்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு போன்ற தடிமன்தான். அதற்கு அப்பால் முன்கண் திரவம். நாய் ஒருமுறை பலமாகக் கண்ணைத் தேய்த்தால் கிழிந்துவிடும். பச்சை வளையத்துக்கு நடுவே தெளிவான பள்ளம் தெரிந்தால் இமையை அழுத்தாமல், கழுத்துப் பட்டையை இழுக்காமல், அந்த நாயை மெதுவாகக் கையாளுங்கள். ஆசிரியர் அவசரப்பட்டதில் முழு நியாயம் இருக்கிறது.

மருந்தியல் ஆய்வகத்திலிருந்து:
முயல் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். முயலின் எண்களை அப்படியே எடுத்து நாய்க்கு வைக்காதீர்கள். முயல் மிக அரிதாகவே இமைக்கும், அதனால் சொட்டு கண்ணில் நெடுநேரம் தங்குகிறது. அதன் கருவிழியும் மெல்லியது. எண்டோதீலியச் செல்கள் பெருகி, காயத்தைத் தாமே மூடிக்கொள்ளவும் வல்லவை. மனிதரிடமும் பூனையிடமும் அந்தத் திறன் மிகக் குறைவு. இரண்டு மருந்துகளில் எது வேகமாகப் போகிறது என்று ஒப்பிட முயல் உதவும். எவ்வளவு போகும் என்று கேட்டால் அதை நம்ப மாட்டேன்.

வெட்டியெடுத்த கருவிழியில் எடுத்த எண்களையும் சற்று ஐயத்தோடு படியுங்கள். எண்டோதீலியம் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றும் பம்ப் வழியாக ஸ்ட்ரோமாவிலிருந்து ஓயாமல் நீரை வெளியேற்றுகிறது. கண்ணைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பம்ப் மந்தமாகி ஸ்ட்ரோமா ஊறித் தடித்துவிடும். மறுபடி உடல் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து குளுக்கோஸும் பைகார்பனேட்டும் கொடுத்தால், செல்கள் உயிரோடு இருக்கும்வரை, பழைய தடிமனுக்கு மெல்லத் திரும்பும். குளிரில் தடித்தது வெப்பத்தில் திரும்புவதை 1955-இலேயே காட்டியிருக்கிறார்கள். இறைச்சிக்கூடத்துப் பன்றிக் கண் என்றால், ரோமம் நீக்க உடலை வெந்நீரில் முக்கும் முன் எடுத்ததா என்று முதலில் கேளுங்கள். வெந்நீர் பட்ட எபிதீலியத்தின் வழியாக எதுவும் போகும். அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. சோதனை முடிந்ததும் கருவிழியை ஈரமாக ஒருமுறையும் உலர்த்தி ஒருமுறையும் எடை போட்டு, நீரின் பங்கு எவ்வளவு என்று எழுதியிருக்கும் கட்டுரைகளை நான் கூடுதலாக மதிப்பேன்.

மருந்தகத் துறை வாசகர்:
ஒரு சிறு சேர்க்கை. கருவிழி மட்டுமே வழி என்று எண்ண வேண்டாம். நீரில் கரையும் பெரிய மூலக்கூறுகள் கண்சவ்வு, வெண்விழி வழியாகவும் உள்ளே போகின்றன. முயல்களில் இனுலின் என்ற பெரிய சர்க்கரை மூலக்கூறு பெரும்பாலும் அந்தப் பக்கவழியையே பிடிக்கிறது.

கால்நடை மாணவி:
மூவருக்கும் மிக்க நன்றி. அட்ரோபின் விட்டதும் அந்த நாய் வாயில் நுரை தள்ளியது. ஒவ்வாமையா என்று உரிமையாளர் பயந்துபோனார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா, ஐயா?

விலங்குக் கண் மருத்துவர்:
உண்டு. விட்ட சொட்டில் கருவிழியைக் கடப்பது மிகச் சிறிய பங்கு. மிச்சம் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிறது. அட்ரோபின் கடும் கசப்பு, நாக்கில் பட்டதும் எச்சில் ஊறி நுரைக்கும். பூனைகளிடம் இன்னும் அதிகமாகப் பார்ப்பீர்கள். களிம்பு வடிவில் கொடுத்தால் இது குறையும். ஆனால் கருவிழி துளைபடும் நிலையில் இருக்கும் அந்த இரண்டாவது நாய்க்குக் களிம்பு வேண்டாம், துளை வழியாக உள்ளே போனால் கண்ணுக்குள் அழற்சி வரும். பல சொட்டுகள் எழுதியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஐந்து நிமிடமாவது விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டாவது சொட்டு முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். சொட்டும் களிம்பும் சேர்ந்து வந்தால் களிம்பு கடைசியில்.