நற்செய்தியைக் கேட்க மறுத்த தோழியிடம் இனி எப்படி நடந்துகொள்வது?

கடுகுவிதை கேட்கிறார்:

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

என்னோடு பல ஆண்டுகளாக ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் தோழி ஒருத்தி, தன் தந்தையை இழந்து துயரத்தில் இருந்த நாட்களில், அவளிடம் ஆண்டவராகிய இயேசுவைப் பற்றிப் பேசினேன். முதலில் அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். பின்பு அவளைச் சபைக்கு அழைத்தேன். தினமும் காலையில் ஒரு வசனத்தைக் கைப்பேசியில் அனுப்பி வந்தேன். அவற்றுக்கு அவளிடமிருந்து பதில் வரவில்லை. சென்ற வாரம், "உன் நம்பிக்கையை நான் மதிக்கிறேன், ஆனால் இனிமேல் இதைப் பற்றி என்னிடம் பேசாதே" என்று நேராகவே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மதிய உணவு வேளையில் அவள் வேறு மேசைக்குப் போய்விடுகிறாள்.

இரண்டு காரியங்கள் என்னை வாட்டுகின்றன. அவள் மறுத்தது என்னையா, ஆண்டவரையா என்று தெரியாமல் மனம் நோகிறது. அதைவிடப் பெரிய பாரம், எசேக்கியேல் புத்தகத்தில் உள்ள காவற்காரனைப் பற்றிய பகுதி. எச்சரிக்காமல் இருந்தால் இரத்தப்பழி காவற்காரன் கையிலே கேட்கப்படும் என்று பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். அவள் சொன்னபடி நான் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பழி என்மேல் வருமா? தொடர்ந்து பேசினால் இருக்கிற நட்பும் அறுந்துபோகும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒலிவக்கன்று எழுதுகிறார்:

அன்புள்ள சகோதரி, உங்கள் பாரத்திலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அந்தப் பயம் நீங்காத வரை நீங்கள் அவளிடம் எதைப் பேசினாலும் அதில் பதற்றம்தான் தெரியும்.

எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தை ஆறாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிற பிரசங்கங்கள் அநேகம். ஒன்பதாம் வசனம் வரை வாசித்துப் பாருங்கள். எச்சரித்தும் ஒருவன் திரும்பாமல் போனால், எச்சரித்தவன் தன் ஆத்துமாவைத் தப்புவித்தான் என்று அங்கே எழுதியிருக்கிறது. பட்டயம் வருகிறதைக் கண்டால் காவற்காரன் எக்காளம் ஊத வேண்டும். ஊரார் அதைக் கேட்ட பிறகும் அவர்கள் காதருகே நின்று ஊதிக்கொண்டே இருக்கும்படி யாரும் அவனுக்குக் கட்டளையிடவில்லை. மேலும், அந்த வார்த்தை இஸ்ரவேல் வம்சத்தாருக்கென்று நியமிக்கப்பட்ட ஒரு தீர்க்கதரிசிக்கு, பாபிலோன் சிறையிருப்பின் காலத்தில் கொடுக்கப்பட்டது. அதில் நமக்குப் பாடம் உண்டு. ஆனால் துக்கத்தில் இருக்கும் ஒரு தோழியிடம் தினந்தோறும் வசனம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்கிற கடமையை அதிலிருந்து எடுக்க முடியாது.

அவள் மறுத்தது யாரை என்ற கேள்விக்கு, என் கருத்தைத் தயக்கத்தோடு சொல்கிறேன். "உங்களை அசட்டைபண்ணுகிறவன் என்னை அசட்டைபண்ணுகிறான்" என்று ஆண்டவர் சீஷர்களிடம் சொன்னது உண்மை. அதை அவர் தாம் அனுப்பியவர்கள் சோர்ந்துபோகாதபடி சொன்னார். நம்மிடம் 'வேண்டாம்' என்று சொல்கிற ஒவ்வொருவர் மேலும் தீர்ப்பாக எறியும்படி சொல்லவில்லை. உங்கள் தோழி உங்கள் நம்பிக்கையை மதிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போதைக்கு அவள் மறுத்திருப்பது அந்தப் பேச்சை மட்டுமே. அவள் உள்ளத்தில் கர்த்தரைக் குறித்து என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுக்கப்படும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் லூக்கா 9ஆம் அதிகாரம். இயேசு எருசலேமுக்குப் போகிற வழியில் சமாரியருடைய கிராமம் ஒன்று அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. யாக்கோபும் யோவானும் கொதித்துப்போய், வானத்திலிருந்து அக்கினி இறங்கும்படி கட்டளையிடலாமா என்று கேட்டார்கள். அவர் திரும்பி அவர்களைத்தான் அதட்டினாரே தவிர, கிராமத்தாரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பின்பு வேறு கிராமத்துக்குப் போனார்கள். இந்தச் சம்பவத்தை நாம் அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசிப்பது அபூர்வம். பிலிப்பு சமாரியாவில் பிரசங்கித்து, அங்குள்ளவர்கள் விசுவாசித்தபோது, எருசலேமிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் பேதுருவும் இதே யோவானும். அக்கினி கேட்ட அந்த மனிதர், சமாரியர்மேல் கைகளை வைத்து அவர்களுக்காக ஜெபித்தார். திரும்புகிற வழியில் சமாரியருடைய அநேக கிராமங்களில் சுவிசேஷம் அறிவிக்கப்பட்டது. முதல் மறுப்பு வந்த அன்றே காரியத்தை முடித்துவிட ஆண்டவர் இடங்கொடுத்திருந்தால், அந்தக் கிராமங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: காலை வசனங்களை இன்றே நிறுத்திவிடுங்கள். விளக்கம் எதுவும் நீட்டாமல், "நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், இனி இதைப் பற்றி நானாகப் பேச மாட்டேன், உன் நட்பு எனக்கு வேண்டும்" என்று சொல்லுங்கள். சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள்.

விடியல்வெளிச்சம் எழுதுகிறார்:

மேலே எழுதிய ஐயாவின் வார்த்தைகளை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு எச்சரிப்பைச் சேர்க்க விரும்புகிறேன். ஒருவர் 'வேண்டாம்' என்று சொன்னதைக் காரணமாக்கி, அதன் பிறகு யாரிடமும் வாய் திறக்காமலே காலத்தைக் கழித்துவிடுகிற விசுவாசிகளை எங்கள் சபையில் நான் நிறையப் பார்க்கிறேன். மறுப்பு வலிக்கிறது, மவுனம் வலிக்காது, ஆகையால் மவுனத்துக்கு 'ஞானம்' என்று பெயர் வைத்துவிடுவது எளிது.

கொரிந்துவில் பவுலுக்கு நடந்ததைப் பாருங்கள். யூதருடைய ஜெப ஆலயத்தில் இருந்தவர்கள் எதிர்த்துத் தூஷித்தபோது அவர் தம் வஸ்திரங்களை உதறிக்கொண்டு வெளியேறினார். வெளியேறியவர் ஊரைவிட்டுப் போகவில்லை. ஜெப ஆலயத்துக்கு அடுத்த வீட்டிலேயே, யுஸ்து என்பவருடைய வீட்டுக்குப் போனார். அதே ஜெப ஆலயத்தின் தலைவனாகிய கிறிஸ்பு தன் வீட்டார் அனைவரோடும் விசுவாசியானான். அதற்குப் பிறகும் பவுலுக்குப் பயம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், "நீ பயப்படாமல் பேசு, மவுனமாயிராதே" என்று கர்த்தர் இரவிலே தரிசனமாகி அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை வருடம் அவர் அங்கே தங்கியிருந்தார்.

எனவே சகோதரி, இந்தத் தோழியிடம் பேச்சை நிறுத்துங்கள் என்பதில் எனக்கும் சம்மதமே. ஆனால் சாட்சி சொல்வதையே நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வீடு என்று ஒன்று எப்போதும் இருக்கிறது.

வழிப்போக்கன் எழுதுகிறார்:

நான் கிறிஸ்தவன் அல்லன். என் நெருங்கிய நண்பர் ஒருவர் இத்தகைய விவாதங்களைப் படிப்பவர் என்பதால் நானும் இடையிடையே படிப்பதுண்டு. உங்கள் தோழியின் இடத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

என் நண்பர் என்னிடம் தம் நம்பிக்கையைப் பற்றி முதன்முதலாகப் பேசியபோது எனக்குக் கோபம் வரவில்லை. தமக்கு மிகவும் அருமையான ஒன்றை எனக்குத் தர விரும்புகிறார் என்பது புரிந்தது. என்னைச் சோர்வடையச் செய்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். நான் எந்தக் கவலையைச் சொன்னாலும் அது ஒரே இடத்தில் போய் முடிந்தது. என் தாயின் உடல்நிலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். அவர் என்னைக் கேட்கிறாரா, பேசுவதற்கான இடைவெளிக்காகக் காத்திருக்கிறாரா என்ற ஐயம் எழுந்துவிட்டால், அந்த நட்பில் மனம் விட்டுப் பேச முடிவதில்லை. நானும் உங்கள் தோழியைப் போலவே ஒருநாள், போதும் என்று சொன்னேன்.

அவர் அதை ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு அவர் விலகிப்போய்விடுவார் என்றே நினைத்தேன். எவ்வளவு நேரம் என்னோடு செலவிட்டாலும் அவருக்கு இனிப் பயன் இல்லையே என்று எனக்குத் தோன்றியிருந்தது. அவர் விலகவில்லை. என் தாய்க்கு அறுவை சிகிச்சை நடந்த இரவில் மருத்துவமனை வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தம் கடவுளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. விடிவதற்குச் சற்று முன்பு, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று நானேதான் அவரிடம் கேட்டேன்.

இன்றும் நான் அவருடைய நம்பிக்கைக்கு வந்துவிடவில்லை. வருவேன் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த நம்பிக்கையைப் பற்றி எனக்கு எப்போதாவது ஒரு கேள்வி எழுந்தால், அதை யாரிடம் கேட்பது என்பது எனக்குத் தெரியும்.

கடுகுவிதை எழுதுகிறார்:

பதில் எழுதிய எல்லாருக்கும் என் உள்ளத்திலிருந்து நன்றி. வழிப்போக்கன் அவர்களே, நீங்கள் எழுதியதை நான் பலமுறை வாசித்தேன்.

நேற்று மாலை வேலை முடிந்து புறப்படும்போது, ஐயா சொன்ன வார்த்தைகளை ஏறக்குறைய அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் "சரி" என்றாள், வேறெதுவும் பேசவில்லை. இன்றும் வேறு மேசையில்தான் அமர்ந்தாள். பழையபடி பழகுவதற்கு அவளுக்குச் சில காலம் ஆகலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு கேள்வி மீதியிருக்கிறது. அவளுக்காக ஜெபிக்கிறேன் என்பதை அவளிடம் சொல்லலாமா?

ஒலிவக்கன்று எழுதுகிறார்:

சகோதரி, பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய போதகராக விளங்கிய அகஸ்டினின் தாயாகிய மோனிக்கா ஒருமுறை ஒரு பேராயரிடம் போய், வேற்றுப் போதனையில் சிக்கியிருக்கும் தன் மகனோடு பேசி அவனைத் திருத்தும்படி மன்றாடினார். அந்தப் பேராயர் தாமே இளமையில் அதே போதனைக்குள் வளர்ந்து வெளியே வந்தவர்; வாதாடத் தெரியாதவர் அல்லர். ஆனாலும் மறுத்துவிட்டார். அவன் இப்போது கேட்கிற நிலையில் இல்லை, அவனை விட்டுவிட்டு அவனுக்காகக் கர்த்தரிடம் ஜெபம் மட்டும் செய்யுங்கள் என்றார். மோனிக்கா அழுதுகொண்டே வற்புறுத்தியும் அவர் தம் சொல்லை மாற்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 387இல், மிலான் நகரில் அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றார்.

எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படிக் கொடுக்க எந்த மனிதனுக்கும் அதிகாரம் இல்லை. அந்தப் பேராயருடைய ஆலோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெபியுங்கள், அதை அவளிடம் சொல்ல வேண்டாம். இந்த நேரத்தில் அப்படிச் சொன்னால், நிறுத்திவிட்டதாக நீங்கள் சொன்ன பேச்சு வேறு வழியாகத் திரும்பி வருவதாகவே அவளுக்குப் படும். அவளாகவே கேட்டால் மறைக்காமல் ஆம் என்று சொல்லுங்கள்.

மேசையைப் பொறுத்தவரை, அவள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போக வேண்டாம். உங்கள் பக்கத்து நாற்காலியை மட்டும் காலியாக வைத்திருங்கள்.