பொன்வண்டு விருதும் படத்தில் இல்லாத ஆஸ்திரேலியாவும்

வெண்திரை:

சுவீடனின் தேசியத் திரைப்பட விருதான குல்ட்பாகே பற்றி நாம் இங்கு அதிகம் பேசியதில்லை என்பதால், முதலில் சுருக்கமான ஓர் அறிமுகம். 1963-இல் ஹாரி ஷெயின் முன்னின்று கொண்டுவந்த சீர்திருத்தத்தின்படி திரையரங்குகள் மீதிருந்த கேளிக்கை வரி நீங்கியது. அதற்கு ஈடாக நுழைவுச்சீட்டு விலையில் பத்து விழுக்காடு புதிதாகப் பிறந்த சுவீடன் திரைப்பட நிறுவனத்துக்குச் சென்றது. அந்த நிறுவனம் மறு ஆண்டே வழங்கத் தொடங்கியதுதான் இந்த விருது. குல்ட்பாகே என்றால் பொன்வண்டு. கார்ல் ஆக்சல் பேர்சன் வடிவமைத்த, எனாமல் பூசிய செம்பு வண்டு, எடை 1.2 கிலோ. முழுநீள ஆவணப்படத்துக்கென்று இந்த விருதில் தனிப்பிரிவு வந்தது 2000-களின் தொடக்கத்தில்தான்.

என் கேள்வி 2012-ஆம் ஆண்டுக்கான ஆவணப்பட விருதைப் பற்றியது. சுவீடன் இயக்குநர் மாலிக் பெஞ்செலூல் இயக்கிய 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' அதைப் பெற்றது. சில வாரங்களில் ஆஸ்கரும் வந்தது. டெட்ராய்ட் நகரப் பாடகர் ரோட்ரிகெஸ் 1970-இலும் 1971-இலும் இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டார். அமெரிக்காவில் அவை விலைபோகவில்லை. அவர் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அவருக்கே தெரியாமல் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் அவர் பெரும் புகழ் பெற்றிருந்தார். இறந்துவிட்டார் என்று நம்பப்பட்டவரை 1990-களின் பிற்பகுதியில் இரண்டு ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். படம் சொல்லும் கதை இதுதான். படம் சொல்லாதது, அவர் 1979-இலும் 1981-இலும் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்து, தன் பாடல்களை மனப்பாடமாக அறிந்த கூட்டங்களுக்கு முன்னால் பாடியவர் என்பது. இதை விட்டுவிட்டு, 1998-இல் கேப் டவுன் மேடையில் ஏறியபோதுதான் ஒரு கலைஞன் முதன்முதலாகத் தன் ரசிகர்களைக் கண்டான் என்ற உணர்வைப் பார்வையாளருக்குக் கொடுத்த படத்தை, ஒரு நாட்டின் தலைசிறந்த ஆவணப்படம் என்று அறிவித்தது பிழை என்று கருதுகிறேன்.

கடலோடி:

வெண்திரை, உங்கள் தகவலில் பிழையில்லை, முடிவைத்தான் மறுக்கிறேன். இந்தப் படம் ரோட்ரிகெஸின் வாழ்க்கை வரலாறு அன்று. தலைப்பே தேடலைப் பற்றியது, தேடியவர்கள் தென்னாப்பிரிக்கர்கள். தொலைக்காட்சியே 1976-இல்தான் நுழைந்த நாடு அது. வெளியுலகத் தொடர்பு ஒருபுறம் பொருளாதாரத் தடைகளாலும் மறுபுறம் உள்நாட்டுத் தணிக்கையாலும் அறுபட்டிருந்த அந்த மக்களுக்கு, சிட்னியில் ஒருவர் பாடிய செய்தி எட்டவில்லை என்பது அவர்கள் கதையின் ஒரு பகுதி. அவர்கள் அறியாததைப் பார்வையாளரும் அறியாதிருக்கச் செய்வது கதைசொல்லியின் உரிமை.

அந்தத் தனிமையைப் படம் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். தென்னாப்பிரிக்க அரசு வானொலியின் ஆவணக் காப்பகத்தில் ஒரு பெண் இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுகிறார். குறிப்பிட்ட பாடல் உள்ள வளையத்தின் மீது மட்டும் கூரிய கருவியால் கீறியிருக்கிறார்கள், யாரும் தவறியும் அதை ஒலிபரப்பிவிடக் கூடாது என்பதற்காக. தணிக்கை பற்றிப் பல பக்கங்கள் படித்தாலும் கிடைக்காத புரிதலை அந்த ஒரு கீறல் கொடுத்துவிடுகிறது. விருது இதற்குத்தான்.

பழஞ்சுருள்:

இருவருக்கும் வணக்கம். சுவீடன் ஆவணப்பட மரபையும் சேர்த்துப் பார்த்தால் விவாதம் தெளிவாகும் என்று நினைக்கிறேன். 'உள்ளது உள்ளபடி' என்ற கட்டுப்பாட்டுக்குள் அந்த மரபு ஒருநாளும் அடங்கியதில்லை. சுவீடனுக்கு முதல் ஆஸ்கரைக் கொண்டுவந்த ஆர்னே சுக்ஸ்டோர்ஃப், 1950-களில் நம் பஸ்தர் காட்டுக்கு வந்து, முரியா கோண்டு மக்களிடையே, சேந்துரு என்ற சிறுவனை முதன்மைப் பாத்திரமாக வைத்து ஒரு படம் எடுத்தார். ரவிசங்கர் இசையமைத்த அந்தப் படத்தில் காட்சிகள் பலவும் ஒழுங்குசெய்து எடுக்கப்பட்டவை. மியா எங்பெரியின் 'பெல்வில் பேபி' 2013-ஆம் ஆண்டுக்கான குல்ட்பாகே ஆவணப்பட விருதைப் பெற்றது; சிறையிலிருந்து வெளியே வந்த பழைய காதலனோடு நிகழும் தொலைபேசி உரையாடல் இருண்ட திரையின் மீது ஒலிக்கிறது, காதலனின் குரலாகப் பேசியவர் ஒரு நடிகர். பெஞ்செலூலை மட்டும் கூண்டில் நிறுத்துவது முறையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனிப்பிரிவு வருவதற்கு முன்னால் ஆவணப்படங்கள் கதைப்படங்களோடு ஒரே தட்டில் நிறுக்கப்பட்டன. ஸ்டெஃபான் யார்ல் 1968-இல் ஸ்டாக்ஹோம் தெருக்களில் சுற்றிய கெந்தா, ஸ்டோஃபே என்ற இரு இளைஞர்களைப் படம் பிடித்தவர்; பத்தாண்டுகளுக்குப் பிறகு அவர்களிடமே திரும்பிப்போய் எடுத்த 'கண்ணியமான ஒரு வாழ்க்கை' 1979-இல் சிறந்த படத்துக்கான குல்ட்பாகேயையே வென்றது. படப்பிடிப்புக் காலத்திலேயே ஸ்டோஃபே ஹெராயினால் இறந்துபோனார். அந்தப் படத்தைக் கதைப்படங்களுக்கு நடுவே வைத்துத் தேர்ந்தெடுத்தவர்களின் துணிவு தனிப்பிரிவு வந்தபின் குறைந்துவிட்டதோ என்பது என் நெடுநாள் ஐயம். தனி நாற்காலி போட்டு உட்கார வைப்பது மரியாதைதான். ஆனால் அது தலைவாசலிலிருந்து சற்றுத் தள்ளியே போடப்படுகிறது.

வெண்திரை:

பழஞ்சுருள் ஐயா, உங்கள் இரண்டு எடுத்துக்காட்டுகளுமே என் பக்கம்தான் பேசுகின்றன. சுக்ஸ்டோர்ஃபின் படத்துக்கு சுவீடிஷ் மொழியில் வைத்த பெயரே 'ஒரு காட்டுக் கதை' என்று பொருள்படும். கதை என்று வாசலிலேயே எழுதி வைத்துவிட்டுத்தான் உள்ளே அழைக்கிறார். எங்பெரி திரையையே இருட்டாக்கி, இங்கே உங்களுக்குக் காட்ட என்னிடம் படிமம் இல்லை, நினைவு மட்டுமே உண்டு என்கிறார். ஒழுங்குசெய்வதை நான் குறை கூறவில்லை. ஒழுங்குசெய்திருப்பதைப் பார்வையாளர் உணர்ந்துகொள்ளப் படம் வழிவிடுகிறதா என்பதே என் அளவுகோல். பெஞ்செலூலின் படத்தில் அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது. கடலோடி சொல்லும் 'தென்னாப்பிரிக்கர் பார்வை' என்ற வாதமும் பாதி வழிதான் வருகிறது. படம் கேப் டவுனிலேயே நின்றிருந்தால் அதை ஏற்பேன். ஆனால் கேமரா டெட்ராய்ட்டுக்குப் போகிறது. மகள்களிடம், உடன் உழைத்தவர்களிடம், ரோட்ரிகெஸிடமே பேசுகிறது. அவர்கள் எல்லோருக்கும் ஆஸ்திரேலியா தெரியும். தெரிந்தவர்களை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அதைக் கேட்காமல் விடுவதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

அருவி:

நான் ஆவணப்படங்களுக்குப் படத்தொகுப்பு செய்பவள். இந்த விவாதத்தில் தொகுப்பு மேசையின் குரல் இல்லாதிருப்பதால் எழுதுகிறேன்.

ஒவ்வொரு படத்திலும் உண்மையான செய்திகள் வெளியேறுகின்றன. எண்பத்தாறு நிமிடப் படத்துக்குள் ஒரு மனிதரின் எழுபது ஆண்டு வாழ்க்கை நுழையாது. ஆனால் வெளியேற்றுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இடமின்மையால் போவது; அது திரும்பி வந்தாலும் படத்தின் முடிவு மாறாது. ரோட்ரிகெஸ் டெட்ராய்ட் நகரப் பதவிகளுக்குத் தேர்தலில் நின்ற செய்தியை முற்றிலும் நீக்கியிருந்தாலும் யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். மற்றது, உள்ளே இருந்தால் உச்சக்காட்சியின் எடை குறைந்துவிடும் என்பதற்காகப் போவது. ஆஸ்திரேலியா இரண்டாம் வகை. 1998-இன் கச்சேரியில் அவர் மேடைக்கு வந்தவுடன் பாட விடாமல் கூட்டம் நெடுநேரம் ஆரவாரிக்கிறது. தன்னை உயிரோடு வைத்திருந்ததற்காக அவர் அவர்களுக்கு நன்றி சொல்கிறார். அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறேன். 1979-இல் இதுபோல் இன்னொரு கூட்டம் இருந்தது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கண்ணீரில் கொஞ்சம் வற்றியிருக்கும் என்பதை என் தொழில் எனக்குச் சொல்கிறது, பெஞ்செலூலுக்கும் சொல்லியிருக்கும்.

ஆனாலும் விருதை நான் மறுக்கவில்லை. பல ஆண்டுகள் ஏறக்குறைய தனி ஆளாக நின்று, பணம் தீர்ந்தபின் சூப்பர் 8 படச்சுருளுக்குப் பதிலாக அதே தோற்றத்தைத் தரும் ஒரு மலிவான கைப்பேசிச் செயலியைக் கொண்டு மீதிக் காட்சிகளை எடுத்து, அசைவோவியங்களுக்கு வேண்டியவற்றைத் தானே வரைந்து முடித்த படம் இது. டெட்ராய்ட்டின் பனி படிந்த தெருவில் ஒரு மனிதர் தள்ளாடி நடந்துபோகும் காட்சியில் எது சுருள், எது கைப்பேசி என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு தேசிய விருது இத்தகைய உழைப்பைக் கண்டுகொள்ளாமல் போயிருந்தால் அதுவும் குற்றமே.

கடலோடி:

நன்றி, அருவி. வெண்திரையிடம் ஒன்று கேட்கிறேன். இந்த விடுபடலால் யார் இழந்தார்கள்? ரோட்ரிகெஸ் இழக்கவில்லை. படத்துக்குப் பிறகு அவர் தம் எழுபதுகளில் உலகெங்கும் பெரிய அரங்குகளில் பாடினார். சொந்த நாடு முதன்முறையாக அவரைக் கேட்டது. ஆஸ்கர் விழாவுக்குக் கூட, கவனம் படைப்பாளிகளைவிட்டுத் தம் மீது திரும்பிவிடக் கூடாது என்று அவர் போகவில்லை. தம்மைத் தவறாகக் காட்டிவிட்டதாக எண்ணும் மனிதர் நடந்துகொள்ளும் முறையா இது?

வெண்திரை:

யார் இழந்தார்கள் என்பதற்கு விடை உண்டு: படமே இழந்தது. நடுப்பகுதியில் பெஞ்செலூல் பழைய இசைத்தட்டு நிறுவனத்தின் உரிமையாளரிடம், தென்னாப்பிரிக்காவில் விற்ற தட்டுகளின் உரிமத்தொகை எங்கே போயிற்று என்று கேட்கிறார். எதிரில் இருப்பவர் கோபப்படுகிறார். கேள்வி அப்படியே தொங்கி நிற்கிறது. படத்தின் மிகத் துணிவான இடம் அது. பாடியவனுக்குச் சேர வேண்டியதைக் கேட்கும் ஒரு படம், அவன் பாட்டு இன்னொரு கண்டத்திலும் விற்றது என்ற செய்தியை ஏன் கைவிட வேண்டும்? அதைச் சேர்த்திருந்தால் கேள்வி இருமடங்கு கனத்திருக்கும். உச்சக்காட்சிக்காகத் தன் அறக்கேள்வியையே மெலியவிட்டதைத் தேர்வாளர்கள் கவனித்திருக்க வேண்டும் என்கிறேன்.

மேலும் ஒரு செய்தி. 1979 சுற்றுப்பயணத்தின் நேரடிப் பதிவு 1981-இல் ஆஸ்திரேலியாவில் இசைத்தட்டாக வந்தது. அவர் செத்துப்போனார் என்ற வதந்திக்கு விடையாக அதற்கு வைத்த பெயர் 'அலைவ்'. உயிரோடிருக்கிறார் என்று உறையிலேயே அச்சிட்டு விற்ற செய்தியைத்தான் படம் பதினேழு ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடிக்கிறது.

கடலோடி:

'அலைவ்' தட்டைப் பற்றி நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். அது என்னை அசைத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உரிமத்தொகை பற்றிய உங்கள் வாதத்துக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. விருது தகுதியானதே என்ற என் கருத்து மாறவில்லை, ஏனென்றால் அந்தக் கீறல் விழுந்த தட்டைக் காட்டிய படம் அந்த ஆண்டில் வேறெதுவும் இல்லை. ஆனால் இனி இந்தப் படத்தை யாருக்காவது பரிந்துரைக்கும்போது ஆஸ்திரேலியாவையும் சேர்த்தே சொல்வேன்.

அருவி:

தொகுப்பு மேசையிலிருந்து ஒன்று மட்டும். 'அலைவ்' தட்டின் உறையை 1998 கச்சேரிக்கு முன்னால் வைத்தால் நான் முன்பே சொன்னதுபோல் உச்சக்காட்சி கெட்டிருக்கும். கச்சேரி முடிந்து, அவர் மீண்டும் டெட்ராய்ட் வீட்டுக்குத் திரும்பி விறகு சுமக்கும் வாழ்க்கைக்குப் போனபின், ஓசையின்றி நான்கு நொடி அந்த உறையைக் காட்டியிருக்கலாம். கண்ணீர் ஏற்கெனவே வந்திருக்கும். உண்மையும் உள்ளே இருந்திருக்கும். நான் அந்த மேசையில் இருந்திருந்தால் அதற்காக இயக்குநரோடு சண்டை போட்டிருப்பேன். அவர் 2014-இல், 36 வயதில் போய்விட்டார். அடுத்த படத்தில் என்ன செய்திருப்பார் என்று பார்க்கும் வாய்ப்பு நமக்கில்லாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.