4.7 ஜிபி டீப்சீக் தமிழில் உளறுகிறது, எங்கே தப்பு?

பழையலேப்டாப்:
16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில், சீன நிறுவனமான டீப்சீக்கின் ஆர்1 என்ற ஏஐ மாடலை இறக்கினேன். 7பி என்று போட்டிருந்தது, 4.7 ஜிபி. தமிழில் விடுப்புக் கடிதம் கேட்டால் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு, "மதிப்பிற்குரிய" என்று தொடங்கி, மூன்றாவது வரியில் சீன எழுத்துக்குத் தாவிவிடுகிறது. கணக்கு மட்டும் நன்றாகப் போடுகிறது. இதற்காகவா 2025 ஜனவரி 27 அன்று ஏஐ சிப் செய்யும் என்விடியாவின் பங்கு ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்தது? செட்டிங்கில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

ராத்திரிகோடர்:
செட்டிங்கில் ஒன்றும் இல்லை. நீங்கள் இறக்கியது அசல் ஆர்1 இல்லை. ஆர்1 எழுதிய விடைகளைக் கொடுத்து, அலிபாபாவின் குவென் மாடலைப் பழக்கி எடுத்த குட்டி அது. அதிலும் 7பி-க்கு எடுத்தது கணக்குக்கென்றே செய்த குவென். அதான் கணக்கு வருகிறது, கடிதம் வரவில்லை. அளவுருக்கள், அதாவது மாடல் கற்றதைச் சேமித்து வைக்கும் எண்கள், அசலுக்கு 67,100 கோடி; 7பி என்றால் சுமார் 700 கோடிதான். ஒவ்வொரு எண்ணையும் 4 பிட்டுக்குச் சுருக்கினாலும் அசல் சுமார் 400 ஜிபி.

பழையலேப்டாப்:
அடப்பாவமே. அப்போ மலிவு, மலிவு என்றதெல்லாம்?

ராத்திரிகோடர்:
அது பொய்யில்லை. ஒவ்வொரு டோக்கனுக்கும் (மாடல் எழுதும் சொல்துண்டு) 3,700 கோடி அளவுருக்கள்தான் வேலை செய்யும். மற்றவை சும்மா இருந்தாலும் மெமரியில் இடம் வேண்டும். இணையம் வழியாக வாடகைக்கு எடுத்தால் மலிவு, வீட்டில் கட்டினால் யானை. வெளிவந்தபோது பத்து லட்சம் வெளியீட்டு டோக்கனுக்கு 2.19 டாலர், ஓப்பன்ஏஐ-யின் போட்டி மாடலான ஓ1-க்கு 60. பங்குச் சந்தையைக் கலக்கியதில் இந்த வித்தியாசத்துக்கும் பங்கு உண்டு.

பயிற்சிச் செலவு என்று எல்லாரும் சொல்லும் 55.76 லட்சம் டாலர் வேறு கதை. அது ஆர்1-க்கு அடிப்படையான வி3 மாடலின் பயிற்சிக்கு ஆன என்விடியா எச்800 சிப் நேரத்தை வாடகையாகப் போட்ட கணக்கு. அதற்கு முன் செய்த ஆராய்ச்சியும் சோதனைகளும் இதில் சேராது என்று டீப்சீக்கின் அறிக்கையிலேயே இருக்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை!

டீக்கடைபெஞ்ச்:
வாடகைக்குப் போகிறவர்கள் ஒன்று கவனிக்கவும்: டீப்சீக்கின் சொந்த ஏபிஐ (இணையம் வழியாக மாடலைப் பயன்படுத்தும் இணைப்பு) என்றால் தரவு சீனாவில் உள்ள சர்வருக்குப் போகும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமம் ஆர்1-க்கு இருப்பதால் அதே மாடலை வேறு நிறுவனங்களும் ஓட்டித் தருகின்றன, அங்கே எடுக்கலாம். இதற்கெல்லாம் பிறகு 2025 ஆகஸ்டில் ஓப்பன்ஏஐ-யும் இறக்கி ஓட்டக்கூடிய மாடல்களை விட்டது. உங்கள் லேப்டாப்புக்கு கூகுளின் ஜெம்மா 3, 12பி போட்டுப் பாருங்கள். அதுவும் இலவசம்தான்.

பழையலேப்டாப்:
போட்டேன். ஃபேன் அலறுகிறது, எழுத்து எழுத்தாகத்தான் வருகிறது. ஆனால் "தங்கள் உண்மையுள்ள" வரை தமிழிலேயே வந்தது. சீனாக்காரனை நம்பி இறங்கி அமெரிக்காக்காரனிடமே வந்து நிற்கிறேன்.