படகு ஸ்டீரியோவில் இரைச்சல்: நெகட்டிவ் ஒயரிலிருந்து தேடத் தொடங்குங்கள்

காசிமேடு, படகு எலக்ட்ரீஷியன்:

பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் மர விசைப்படகு ஒன்றில், எஞ்சின் வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலியும் சேர்ந்து ஏறுகிறது என்று, ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கியதும் அதன் உரிமையாளர் என்னை அழைத்தார். முன்பு பார்த்தவர் ஸ்டீரியோவின் பாசிட்டிவ் ஒயரில் ஃபில்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆனாலும் இரைச்சல் நிற்கவில்லை.

எஞ்சின் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கினால் எஞ்சினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத்தான் முதலில் நினைக்க வேண்டும். நம் விசைப்படகுகளில் ஓடுபவை டீசல் எஞ்சின்கள் என்பதால், பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் உண்டாக்கும் 'டிக் டிக்' ஓசைக்கு இங்கே இடமில்லை. 12 துருவங்கள் கொண்ட ஆல்டர்னேட்டர், ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகளை, அதாவது சிறு ஏற்ற இறக்கங்களை, மின்னோட்டத்தில் விட்டுச் செல்கிறது. அது நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், விநாடிக்கு 1,800 அதிர்வுகள் கொண்ட மெல்லிய கீச்சொலியாக அது காதில் விழும். உள்ளே ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்கும் டையோடுகளில் ஒன்று பழுதாகியிருந்தால், 300 ஹெர்ட்ஸ் அளவில் தடித்த உறுமலும் சேர்ந்து கேட்கும். இந்தப் படகில் உறுமல் இல்லாததால், ஆல்டர்னேட்டரைக் கழற்றாமல், சிற்றலை எந்த வழியாக ஸ்டீரியோவுக்குள் நுழைகிறது என்று தேடினேன்.

ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து உருவியதும் ஸ்பீக்கர் அமைதியானது. ஆகவே ஆம்ப்ளிஃபயருக்கு வரும் மின்சாரத்தில் குறையில்லை. அதே இடத்தில் கைபேசியை இணைத்தபோது பாட்டு சுத்தமாக ஒலித்தது. அந்தக் கைபேசியை வீல்ஹவுஸில் (படகை ஓட்டும் அறையில்) இருந்த சார்ஜரில் செருகிய நொடியே கீச்சொலி திரும்பிவிட்டது. சார்ஜர் கைபேசியை வீல்ஹவுஸின் நெகட்டிவோடு இணைத்துவிடுவதால், அந்த நெகட்டிவ் ஒயர்தான் வழி என்று அப்போது உறுதியானது.

காருக்கு இரும்பு உடலே நெகட்டிவ். மரப் படகுக்கும் ஃபைபர் படகுக்கும் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு கருவியின் மின்னோட்டமும் ஒயர் வழியாகவே பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். இங்கே ஆம்ப்ளிஃபயரின் நெகட்டிவ் நேராக பேட்டரிக்குச் சென்றது. ஸ்டீரியோவின் நெகட்டிவோ விளக்கு, வயர்லெஸ், பம்பு ஆகியவற்றின் நெகட்டிவ்களோடு சேர்ந்து, உப்புக் காற்றில் பச்சை பிடித்த ஒரு டெர்மினல் வழியாகத் திரும்பியது. எல்லாவற்றையும் ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஸ்டீரியோவின் நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தபோது ஏறத்தாழ அரை வோல்ட் காட்டியது. 0.05 ஓம் தடையில் 10 ஆம்பியர் ஓடினாலே இந்த அளவு வந்துவிடும். அந்த வேறுபாடு, தன்மீது ஏறியிருக்கும் சிற்றலையோடு ஆர்.சி.ஏ. ஒயரின் உலோகப் பின்னல் உறை வழியாகப் பாய்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டோடு சேர்த்துப் பெருக்குகிறது.

ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர் இரண்டின் நெகட்டிவையும் பேட்டரி அருகே ஒரே புள்ளியில் சேர்த்தேன். வெள்ளீயம் பூசிய தடித்த செம்பு ஒயரைப் பாசிட்டிவோடு முறுக்கிக் கொண்டுபோனேன். ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். கீச்சொலி நின்றது. ஃபில்டரைக் கழற்றிய பிறகும் அது வரவில்லை. கரையைப் பார்க்காமல் நாள்கணக்கில் வலை இழுப்பவர்களுக்குப் பாட்டு ஒரு துணை. அதைத் தெளிவாகக் கேட்கச் செய்வது எனக்குச் சிறிய வேலையாகத் தோன்றவில்லை. மேலும், அதே டெர்மினலை நம்பித்தான் வயர்லெஸும் இருந்தது.

நாகப்பட்டினம், விசைப்படகு உரிமையாளர்:

அண்ணன் சொன்னது ஒயர் வழியாக வரும் இரைச்சல். எங்கள் படகில் எஞ்சினை நிறுத்திய பிறகும் எஃப்.எம். வானொலியில் 'உஸ்' என்ற ஓசை கேட்டது, அதுவும் தளத்து எல்.இ.டி. விளக்குகளைப் போட்டால் மட்டும். விளக்கின் உள்ளே மின்னழுத்தத்தை மாற்றும் சுற்று, ரேடியோ அலைகளையும் உமிழ்ந்துகொண்டிருந்தது. இது பாட்டோடு நிற்கும் தொல்லை அல்ல: எல்.இ.டி. விளக்குகள் வி.எச்.எஃப். வயர்லெஸ் தொடர்பையும், படகின் இருப்பிடத்தைப் பிற கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியையும் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் எச்சரித்திருக்கிறது. ஆபத்துக் குரல் வரும் 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. சோதிப்பது எளிது. வி.எச்.எஃப். செட்டை ஆளில்லாத சேனலில் வைத்து, இரைச்சல் அடங்கும் வரை மட்டும் ஸ்குவெல்ச் எனும் இரைச்சல் அடக்கும் குமிழைத் திருப்பிவிட்டு விளக்கைப் போடுங்கள். செட் மறுபடி இரைந்தால் காரணம் அந்த விளக்குதான். ஒயரில் மாட்டிய, இரைச்சலை உறிஞ்சும் ஃபெரைட் வளையங்கள் ஓரளவு உதவின. ஆன்டெனாவுக்கு அருகிலிருந்த விளக்குகளை மாற்றிய பிறகே முழுமையாகச் சரியானது.

தூத்துக்குடி, எஞ்சின் டிரைவர்:

24 வோல்ட் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டரின் இரைச்சலுக்குப் பயந்து, தொடராக இணைத்த இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஸ்டீரியோவுக்கு மின்சாரம் எடுக்காதீர்கள். அந்தப் பேட்டரி எப்போதும் குறைவாகவே சார்ஜ் ஆகும். மற்றொன்று அளவுக்கு மீறி சார்ஜ் ஆகி வீணாகும். நாங்கள் கன்வெர்ட்டரை ஸ்டீரியோவின் பின்புறத்திலிருந்து எடுத்து, ஆன்டெனா ஒயரும் ஆர்.சி.ஏ. ஒயரும் போகாத பக்கத்துக்கு மாற்றினோம். இரைச்சல் அதோடு அடங்கிவிட்டது.