துணைப் பாத்திரங்கள் வெட்டப்படுவது நடிப்பின் குறையாலா?

கேள்வி:
பல நாள் படப்பிடிப்பில் இருந்த குணச்சித்திர நடிகர், படம் வெளியாகும்போது இரண்டே காட்சிகளில் தலைகாட்டிவிட்டு மறைந்துபோகிறார். அவருடைய நடிப்பு இயக்குநருக்குப் பிடிக்காததால்தான் இப்படி நேர்கிறதா? வெட்டியது அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படுமா?

பதில் 1:
பெரும்பாலும் நடிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. முதல் தொகுப்பு தேவையான நீளத்தைத் தாண்டி நிற்கும்போது, எடுத்தாலும் கதை அறுந்துபோகாத இடத்தைத்தான் எடிட்டர் தேடுவார். கதாநாயகனின் காட்சி ஒன்று போனால் அடுத்து வரும் காட்சிகள் தடுமாறும். அவனுடைய நண்பனின் குடும்பச் சிக்கல் போனால் பார்வையாளருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதைப் பாதியாக வெட்டவும் இயலாது. நண்பனின் அறிமுகக் காட்சி நீக்கப்பட்டுவிட்டால், பின்னால் அவன் அழும்போது ‘இவன் யார்’ என்ற குழப்பம் எழும் என்பதால் அந்த அழுகையும் சேர்ந்தே போய்விடும். நன்றாக நடித்திருப்பதே சில நேரங்களில் வினையாகிவிடுவதும் உண்டு. கவனம் நாயகனை விட்டு விலகுகிறதல்லவா! இன்னொரு வகைக் குறைப்பு எளிதில் கண்ணில் படாது: வசனம் துணை நடிகருடையதாக ஒலிக்கும், திரையிலோ அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நாயகனின் குளோசப் ஓடும்.

பதில் 2:
1998-இல் வெளியான ‘தி தின் ரெட் லைன்’ படத்தில், மூல நாவலின் முக்கியமான பாத்திரமான ஃபைஃப் ஆக ஏட்ரியன் பிராடி நடித்தார். வெளியான படத்தில் அவருக்கு எஞ்சியது சில நிமிடங்களே, அதுவும் முடிந்த படத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. 1983-இல் வந்த ‘தி பிக் சில்’ படத்தில் கெவின் காஸ்ட்னரின் முகமே இல்லை. இறந்த நண்பனாக அவர் நடித்த பின்னோக்குக் காட்சி நீக்கப்பட்டு, தொடக்கத்தில் உடை அணிவிக்கப்படும் சடலமாக மட்டுமே அவர் வருகிறார். அதே இயக்குநர் லாரன்ஸ் காஸ்டன், 1985-இல் ‘சில்வராடோ’ படத்தில் அவருக்கு நல்ல வேடம் கொடுத்தார். நடிப்பு பிடிக்காதவர் அப்படிச் செய்திருப்பாரா?

பதில் 3:
தெரிவிப்பது இயக்குநரின் பண்பைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்பட்டிருந்தாலொழிய, இறுதி வெட்டில், அதாவது படத்தின் கடைசி வடிவத்தைத் தீர்மானிப்பதில், நடிகருக்கு உரிமை கிடையாது. ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ 2003-இல் திரைக்கு வந்தபோது கிறிஸ்டோபர் லீயின் காட்சி முழுவதும் நீக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த நீட்டிக்கப்பட்ட பதிப்பில்தான் அது இடம்பெற்றது. அவ்வளவு மூத்த நடிகருக்கே அந்த நிலை. புதிதாக வருபவர்கள், நீக்கப்பட்ட காட்சிகளைத் தங்கள் ஷோரீலில் (வாய்ப்புத் தேடும்போது காட்டும் நடிப்புத் துணுக்குகளின் தொகுப்பில்) பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியையாவது ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. படம் வெளியான பிறகு கேட்டால், அந்தக் காட்சிகள் எந்த ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன என்று தேடித்தர யாருக்கும் நேரம் இருக்காது.