துருக்கி இனிப்பு மிளகாய்: ஐந்து செடியில் ஒன்று மட்டும் காரம், மற்றதில் பூ நிற்கவில்லை

கோபி மாடித்தோட்டம்

வணக்கமுங்க. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விதைப் பரிமாற்றக் கூட்டத்தில் துருக்கி நாட்டு மிளகாய் விதை கொஞ்சம் கிடைத்தது, பெயர் சோர்பாஜி. காய் ஒரு சாண் நீளம், விரல் தடிமன், பிழிந்து போட்ட துணி மாதிரி முறுக்கிக்கொண்டு இருக்கும். முதலில் வெளிர்மஞ்சள் கலந்த பச்சை, அப்புறம் ஆரஞ்சு, பழுத்தால் நல்ல சிவப்பு. காரம் துளிகூட இல்லை, போன வருடம் பையன் வெள்ளரிப்பிஞ்சு தின்கிற மாதிரி செடியிலிருந்தே பறித்துத் தின்றான்.

இந்த வருடம் கார்த்திகையில் நாற்று விட்டு, தை பிறந்ததும் ஐந்து பையில் நட்டேன். தேங்காய் நார்க்கழிவு, தொழு உரம், செம்மண் மூன்றும் சமபங்கு. மாசியில் நான்கு செடியில் ஏழெட்டுக் காய் பிடித்தது. பங்குனி பிறந்ததிலிருந்து பூக்கிற பூவெல்லாம் காம்போடு கொட்டுகிறது, காலையில் தரையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. ஐந்தாவது செடி மட்டும் இந்த வெயிலிலும் காய்த்துத் தள்ளுகிறது, ஆனால் அதைக் கடித்த பையன் அரைச் சொம்பு மோர் குடித்துத்தான் அடங்கினான். பக்கத்திலேயே சம்பா மிளகாய் மூன்று பை இருக்கிறது. அதனால்தான் காரம் ஏறிவிட்டதா? தள்ளி வைத்தால் சரியாகுமா?

இன்னொன்று, இதை என்ன சமைப்பது? எங்க மாமா "காரமில்லாத மிளகாய் எதுக்கு, உப்பில்லாத கருவாடு மாதிரி" என்கிறார்.

காங்கேயம் காட்டுக்காரன்

சம்பாவைத் தள்ளி வையுங்க, வேறொன்றும் இல்லை. பக்கத்துக் காரம் ஒட்டிக்கொள்ளும், எங்கள் தோட்டத்தில் குடமிளகாயே காரமாகியிருக்கிறது. பூ நிற்க தேமோர் கரைசல் அடியுங்க. தேங்காய்ப்பாலும் மோரும் சரிக்குச் சரி கலந்து ஒரு வாரம் புளிக்கவிட்டு, பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை லிட்டர், சாயங்காலம் தெளிக்கணும்.

அவிநாசி அக்கா

காங்கேயம் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம், தேமோர் அடிக்கட்டும், ஆனால் காரம் அப்படி ஒட்டாதுங்க. ஒரு மிளகாயை நீளவாக்கில் கீறிப் பாருங்க. தோல், சதை, விதை ஒட்டியிருக்கிற அந்த வெள்ளை நரம்பு எல்லாமே தாய்ச்செடியின் உடம்பு. காரம் ஊறுவது அந்த வெள்ளை நரம்பில். பக்கத்துச் செடியின் மகரந்தம் போய்ச் சேர்வது விதைக்குள் இருக்கிற கருவுக்கு மட்டும்தான், அதனால் தேனீ என்ன கொண்டுவந்து கொட்டினாலும் இந்த வருடக் காயின் ருசி மாறாது. தம்பி சொன்னதிலேயே சாட்சி இருக்கிறது. சம்பா பக்கத்தில்தானே ஐந்தும் இருக்கின்றன, மற்ற நான்கும் ஏன் இனிப்பாகவே இருக்கின்றன?

எனக்கு வேறு சந்தேகம். இந்த வருடம் விதைத்தது அந்தக் கூட்டத்தில் வாங்கிய விதையா, வீட்டில் எடுத்ததா?

பூ கொட்டுவதற்கு வெயில்தான் காரணம். இந்த இனிப்பு ரகங்களுக்குப் பகலில் 32 டிகிரி தாண்டி, ராத்திரியும் 24க்குக் கீழே இறங்கவில்லை என்றால் மகரந்தம் வீணாகிவிடும். பங்குனி சித்திரையில் கோபி மாடியில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தளம் சுடும். 35 சதவீத நிழல்வலை கட்டுங்க, அடர்த்தியான 75 போட்டால் செடி வெளிச்சம் தேடி நெட்டையாக ஓடும். பையைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, மேலே காய்ந்த சருகு ஒரு கை போட்டு மூடுங்க. மீன் அமிலம், மாட்டுச் சிறுநீர் எல்லாம் இப்போது நிறுத்திவிடுங்க, தழைச்சத்து கூடினால் இலைதான் வரும். இதற்கு மேலும் கொட்டினால் விட்டுவிடுங்க. செடியை உயிரோடு வைத்திருந்து ஆடியில் பாதிக்கு வெட்டிவிட்டால் புரட்டாசியில் மறுபடி பூக்கும். நான் ஆவணியில்தான் நாற்றே விடுவேன், கார்த்திகை மார்கழிக் குளிரில் காய் தொங்குகிற அழகே தனி.

இலை மேலே சுருண்டால் இலைப்பேன், கீழே கவிழ்ந்து சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் ஆரம்பத்திலேயே வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு.

கோபி மாடித்தோட்டம்

அக்கா, பிடித்துவிட்டீங்க. எங்க அத்தை போன வருடம் பழுத்த காயிலிருந்து விதை எடுத்து, சாம்பலில் புரட்டி, தினசரி காலண்டர் தாளில் மடித்து வைத்திருந்தார்கள். அதைத்தான் போட்டேன். போன வருடமும் சம்பா பக்கத்தில்தான் இருந்தது.

அவிநாசி அக்கா

அப்போது கதை முடிந்தது. கலப்பு நடந்தது போன வருடம், தெரிந்தது இந்த வருடம். காரம் ஓங்கு குணம், இனிப்புத் தாய்க்குக் காரத் தகப்பன் அமைந்தால் பிள்ளை காரம்தான். ஐந்தில் ஒன்றுதான் அப்படி என்றால் உங்களுக்கு நல்ல நேரம், மிளகாய் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்பதால் தப்பித்தீர்கள். அந்தச் செடி வெயில் தாங்குவதும் சம்பாவின் புண்ணியமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை, பூ விரிவதற்கு முன்பே மொட்டோடு கிளையை மெல்லிய மல் துணிப் பையில் கட்டிவிடுங்க. காலையில் லேசாகத் தட்டிவிட்டால் போதும். பிஞ்சு வந்ததும் பையை அவிழ்த்து, காம்பில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வையுங்க. நன்றாகச் சிவந்த பிறகு அந்தக் காயில் மட்டும் விதை.

பொள்ளாச்சி தோப்புவீடு

சமையலுக்கு நான் வருகிறேன். துருக்கியில் சோர்பா என்றால் சூப், சோர்பாஜி என்றால் சூப் காய்ச்சுகிறவர். பழைய உதுமானியப் படையில் ஒரு பிரிவின் தலைவனுக்கும் அதே பட்டம்தான், நம்ம ஊரில் படைத்தலைவனை ரசக்காரர் என்று கூப்பிடுகிற மாதிரி!

பஜ்ஜி மட்டும் போட வேண்டாம். நான் போட்டேன், தோல் மெல்லிசு என்பதால் மாவு நின்றது, மிளகாயைக் காணவில்லை. அவர்கள் செய்கிற மாதிரி முழுசாக வறுத்து, பூண்டு நசுக்கிப் போட்ட கெட்டித் தயிரை மேலே ஊற்றுங்க. நான் கடலை எண்ணெயில் செய்கிறேன். காயை முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்தணும், மறந்தால் உள்ளே ஆவி கட்டி வெடித்து எண்ணெய் கையில் தெறிக்கும் (தழும்பு இருக்கிறது). ஈரம் இல்லாமல் துடைத்து, வாணலியில் புரட்டிக்கொண்டே இருந்தால் தோல் வெளுத்துக் கொப்புளித்து, அங்கங்கே பழுப்பு விழும். காய் தொய்ந்து கரண்டியில் மடங்கியதும் எடுத்து, சூடாக இருக்கும்போதே கல்லுப்பு தூவணும். அரிசிம்பருப்புச் சாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடுகறி கிடையாது.

இன்னொன்று மெனெமென். மிளகாயை வதக்கி, தக்காளி நிறையப் போட்டுக் குழைய விட்டு, முட்டை ஊற்றி, நம்ம முட்டைப் பொரியல் மாதிரி உதிர விடாமல் தளதளவென்று இறக்கிவிடணும். வெங்காயம் போடலாமா கூடாதா என்று அங்கே பெரிய சண்டையே உண்டு. நான் சின்ன வெங்காயம் போடுவேன், யார் கேட்பது?

காங்கேயம் காட்டுக்காரன்

எங்கள் குடமிளகாய் விதையும் வீட்டில் எடுத்ததுதானுங்க. இப்போதுதான் உறைக்கிறது.

கோபி மாடித்தோட்டம்

நேற்று சாயங்காலம் மிச்சமிருந்த ஆறு காயையும் பறித்துத் தயிர் ஊற்றிச் செய்தேன். மாமா ஒரு வார்த்தை பேசாமல் நாலைத் தின்றுவிட்டு, "இதை மிளகாய்னு சொல்லாதே, காய்னு சொல்லு" என்றார். ஐந்தாவது செடியைப் பிடுங்கக் கூடாதாம், பழைய சோற்றுக்கு அவருக்கு அதுதான் வேணுமாம். சரி என்று அந்தப் பையில் மட்டும் "விதை எடுக்காதீங்க அத்தை" என்று பெயிண்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.